வேலை பறிபோன ஊர்

கூலியைத் தவிர வேலை மனிதனுக்கு வேறு என்ன தருகிறது என்பதை அளந்து பார்த்த ஆய்வுகளில் மிகவும் பெயர் பெற்றது, வேலையே இல்லாமல் போன ஓர் ஊரில் நடந்தது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தெற்கே இருந்த அந்தத் தொழிலாளர் குடியிருப்பின் பெயர் மரியன்தால். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதாரச் சரிவின்போது, 1929–30இல் ஆலை மூடப்பட்டது. சுமார் 480 குடும்பங்களில் பெரும்பாலானவை உதவித்தொகையில் நாளைத் தள்ளின. சிறு கூலிக்கு எங்காவது கைவேலை செய்தது தெரிந்தால் அந்தத் தொகையும் பறிபோகும்.

மாரி யாகோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய இளம் ஆய்வாளர்கள் 1931இல் தங்கள் குழுவுடன் அங்கே போனார்கள். லாசர்ஸ்பெல்ட் முதலில் ஆராய விரும்பியது தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தைத்தான். நாட்டில் இத்தனை பேர் வேலையிழந்து நிற்கும்போது அதையல்லவா ஆராய வேண்டும் என்று திருப்பிவிட்டவர் சோசலிசத் தலைவர் ஓட்டோ பவுர். குழுவினர் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. துணிமணி திரட்டிக் கொடுத்தார்கள், இலவச மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். ஊருக்குப் பயன்படாத யாரும் ஊரைக் கவனிக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. ஆய்வுக்காக மக்களை அணுகும் எவரும் இன்றும் பின்பற்ற வேண்டிய விதி இது.

கண்டது எதிர்பாராதது. நேரம் ஏராளமாக இருந்தும் மக்கள் படிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இலவசமாகக் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது சுமார் பாதியாகச் சரிந்தது. அரசியல், சங்கம் எதிலும் பழைய ஈடுபாடு இல்லை. நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னபோது, எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர ஆண்கள் பலருக்கு நினைவில் நின்றது சொற்பமே. ஆய்வாளர்கள் தெருவோரம் நின்று நடை வேகத்தையும் அளந்தார்கள். ஆண்கள் அடிக்கடி நின்று நின்று போனார்கள். பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். பெண்களுக்கும் ஆலைக் கூலி போய்விட்டதுதான். ஆனால் சமையல், துவையல், பிள்ளைகள் என்று அவர்களுடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு மிஞ்சியிருந்தது. கூலி இல்லாத வீட்டு வேலையை வேலையாகவே எண்ணாதவர்கள் இந்த ஓர் அளவையாவது கருத வேண்டும்.

ஆய்வு 1933இல் நூலாக வந்தது. பிற்பாடு பிரிட்டனில் குடியேறிய யாகோடா, அதே சிந்தனையைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். வேலை பணத்துக்காகத்தான், ஆனால் யாரும் கேட்காமலே அது வேறு சிலவற்றையும் கொண்டுவருகிறது என்றார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதப் பழக்கம், பலர் சேர்ந்து முடிக்கும் காரியத்தில் பங்கு, ஊரில் ஒரு மதிப்பு, ஓயாத செயல்பாடு ஆகியவையே அவை. உதவித்தொகை வயிற்றை ஓரளவு காக்கும், இவற்றைத் தராது. அதற்காக எந்த வேலையும் நல்ல வேலை ஆகிவிடாது. உடலையும் மானத்தையும் தேய்க்கும் வேலைகள் உண்டு.

மரியன்தால் அடங்கிய கிராமட்நாய்சீடல் ஊராட்சியிலேயே 2020இல் இன்னொரு சோதனை தொடங்கியது. நெடுநாள் வேலையில்லாதவர்களுக்கு, விருப்பமிருந்தால், கூலியுடன் வேலை உறுதி என்று வேலைவாய்ப்புத் துறை அறிவித்தது. சேர்ந்தவர்களின் வருமானம் உயர்ந்தது. யாகோடா சொன்ன நாள் ஒழுங்கும், மனிதப் பழக்கமும், மதிப்பும்கூட அவர்களிடம் கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். உடல்நலத்தில் மாற்றம் தென்படவில்லை.