வயலில் விழுந்த தோடு: மெட்டல் டிடெக்டர் வாங்கும் முன்...

"ஐயா, நடவு முடிந்து கரையேறியபோதுதான் என் மனைவியின் ஒரு காதில் தோடு இல்லை என்று தெரிந்தது. மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினால் கிடைக்குமா? எந்தக் கருவி வாங்கலாம்?" என்று டெல்டா பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு அந்த அரைப் பவுனில் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியிலிருந்த வட்டாரத்தில் கடலை பறிக்க வந்த ஓர் அம்மாவின் மூக்குத்தி செம்மண் காட்டில் விழுந்துவிட்டது. அடகிலிருந்து மீட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. காட்டுக்காரர் நல்ல மனிதர். உழவைத் தள்ளிப்போட்டு, வாடகைக்கு ஒரு கருவியைக் கொண்டுவந்தார். காலை முழுக்கத் தேடியதில் டிராக்டர் போல்ட்டும், கொழு முனையும், துருப்பிடித்த ஆணிகளும்தான் கிடைத்தன. மதியம் வேறொரு பெண்ணின் மூக்குத்தியை வாங்கி, அதே மண்ணில் இரண்டு விரல் ஆழத்தில் வைத்துப் பார்த்தோம். கருவி சத்தமே போடவில்லை. கருவி கெட்டுப்போகவில்லை, இந்த வேலைக்கு அது ஏற்றதல்ல, அவ்வளவுதான்.

எந்தக் கருவி ஏற்றது?

முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசை. நாணயம், பெரிய பொருள் தேடும் சாதாரணக் கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 15 கிலோ ஹெர்ட்ஸில் வேலை செய்யும். மூக்குத்தி, சின்னத் தோடு, தாலிக்குண்டு போன்ற பொடிப்பொருளைப் பிடிக்க அலைவரிசை கூடுதலாக வேண்டும். மண்ணில் பொடித் தங்கம் தேடுவதற்கென்றே வரும் மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 1000 என்ற கருவி 45 கிலோ ஹெர்ட்ஸிலும், ஃபிஷர் கோல்டு பக் 2 என்பது 71 கிலோ ஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. இவற்றை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்தது காயில், அதாவது தரைக்கு மேல் ஆட்டும் தட்டு. பெரிய தட்டு ஆழம் பார்க்கும், பொடிப்பொருளைத் தவறவிடும். 5, 6 அங்குலத் தட்டே நமக்கு ஏற்றது. வயலில் தேடுவதால் தட்டு நீர் புகாததாக இருக்கட்டும்.

மூன்றாவது, கிரவுண்ட் பேலன்ஸ் வசதி. செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். இந்த வசதி இல்லாத கருவி அங்கே காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். குப்பை உலோகத்தை ஒதுக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. ஆனால் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் சின்னத் தோடும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். தாளை ஒதுக்கினால் தோடும் போய்விடும். எனவே சத்தம் வந்த இடத்தையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும்.

மெல்லிய சங்கிலி கிடைப்பது இன்னும் கடினம். கருவி ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனிப் பொடியாகவே உணரும். பெரும்பாலும் கொக்கியோ டாலரோதான் காட்டிக்கொடுக்கும்.

பணம் கொடுக்கும் முன் சோதனை

கடையில் நாணயத்தைக் காட்டிச் சத்தம் எழுப்புவார்கள். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொலைந்த தோட்டின் ஜோடியைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நூல் கட்டி, உங்கள் வயல் மண்ணில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று வைத்துப் பாருங்கள். எந்த ஆழம் வரை சத்தம் தெளிவாக வருகிறதோ, அதுதான் அந்தக் கருவியின் உண்மையான திறன். பொடி நகைக்கு இரண்டு, மூன்று அங்குலம் காட்டினாலே நல்ல கருவி.

ஒரு தோட்டுக்காகப் புதுக்கருவி வாங்குவது கட்டுப்படியாகாது. வாடகைக்கு எடுங்கள், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள்.

தேடும் முறை

* தொலைந்தது தெரிந்தவுடன் வேலை செய்த இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அங்கே நடமாட வேண்டாம். தேடி முடிக்கும்வரை உழவோ சேற்றுழவோ கூடாது. தங்கம் கனமானது, சேறு கலங்கினால் கருவிக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும்.
* நட்ட வயலானால், நாற்று பச்சை பிடித்தபின் நீரை மெல்ல வடித்துவிட்டு வரிசைக்கு நடுவே தேடலாம். ஒருநாள் நீர் வடிந்தால் பயிருக்குக் கெடுதல் இல்லை.
* கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தட்டைத் தரையை ஒட்டி மெதுவாக ஆட்டுங்கள். முன்பு ஆட்டிய இடத்தின் பாதியை மறுபடி தொட்டுச் செல்லுங்கள்.
* கொலுசு, மெட்டி, வளையலைக் கழற்றிவிடுங்கள். மண்வெட்டி, கைப்பேசி தள்ளியிருக்கட்டும். மின்கம்பி அருகே வீண் சத்தம் வரும்.
* சத்தம் வந்த மண்ணைப் பிளாஸ்டிக் முறத்தில் அள்ளி, இரண்டாகப் பிரித்துச் சோதியுங்கள். சத்தம் வரும் பாதியை மீண்டும் பிரியுங்கள். மண்வெட்டியால் வெட்டினால் நகை நசுங்கும்.

எச்சரிக்கை

'நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே தங்கத்தைக் காட்டும்' என்று கம்பி நீட்டிய கருவிகளை விற்பவர்கள் உண்டு. நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். தேடும்போது பழங்காசோ பழைய நகையோ புதையலாகக் கிடைத்தால், மதிப்பு பத்து ரூபாய்க்கு மேலிருந்தாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் தோண்டவே கூடாது.

அந்த அம்மாவின் மூக்குத்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பறித்த கடலைச் செடியைக் குவித்து ஆய்ந்த இடத்து மண்ணை மறுநாள் சல்லடையில் சலித்தோம். இரண்டாவது கூடையிலேயே கிடைத்தது. எனவே, கருவியைத் தேடிப் போகும் முன், கடைசியாகக் குனிந்து நிமிர்ந்தது எங்கே, முந்தானையை உதறியது எங்கே, கை கால் கழுவியது எங்கே என்று நிதானமாக யோசியுங்கள். இனி வயலில் இறங்கும் முன் திருகாணியை ஒருமுறை திருகிப் பாருங்கள்.