பனித்தளத்தில் ஒரு கணம்

குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் காணும் நேயர்களின் உள்ளத்தைப் பிகர் ஸ்கேட்டிங் என்னும் பனித்தள நடனம் கவராமல் இராது. ஆயினும், ஆட்டக்காரர் துள்ளிச் சுழன்று இறங்கியதும் நிபுணர் கூறும் சொற்கள் பலருக்குப் புதிராகவே நிற்கின்றன. நாம் வியந்து பார்த்த துள்ளலை அவர் குறையுடையது என்கிறார். கீழே விழுந்தவருக்கும் மதிப்பெண் உண்டு என்கிறார். இதன் காரணம் யாது?

துள்ளல் ஒரு விநாடிக்கும் குறைவாகவே நீடிப்பது. நாம் காற்றில் சுழலும் உடலை நோக்குகிறோம். நிபுணரோ காலணியின் அடியிலுள்ள எஃகுத் தகட்டை நோக்குகிறார். அத்தகட்டின் அடிப்புறத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுவதால், உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரு விளிம்புகள் அமைகின்றன. முன்முனையில் பற்கள் உண்டு.

துள்ளல்கள் ஆறு வகை. டோ லூப், பிளிப், லட்ஸ் ஆகிய மூன்றும் மறுகாலின் பற்களைப் பனியில் ஊன்றி எழுபவை. சால்கோ, லூப், ஆக்ஸல் ஆகியவை விளிம்பின் விசையாலேயே எழுபவை. இவற்றுள் ஆக்ஸல் ஒன்றே முன்னோக்கி எழுவது. இறங்குவதோ எல்லாவற்றிலும் பின்னோக்கியே. ஆகவே மூன்று சுற்று ஆக்ஸல் என்பது உண்மையில் மூன்றரைச் சுற்றாகும்.

பிளிப்பும் லட்ஸும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. முன்னது உள்விளிம்பிலிருந்தும் பின்னது வெளிவிளிம்பிலிருந்தும் எழ வேண்டும் என்பதே வேற்றுமை. லட்ஸில், வந்த வளைவுக்கு எதிர்ப்புறமாக உடல் சுழல வேண்டும். அதனால் அது கடினமானது. கடைசி நொடியில் கால் உள்விளிம்புக்குச் சாய்ந்துவிட்டால் மதிப்பு குறையும்.

இறங்கும் இடமும் அவ்வாறே முக்கியமானது. கச்சேரியில் கோர்வை எவ்வளவு விறுவிறுப்பாக இருப்பினும், எடுப்பில் சரியாக வந்து விழாவிடில் தாளம் அறிந்தவர் முகம் சுளிப்பார் அல்லவா? இங்கும் கணக்கு உண்டு. கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் அடிப்படை மதிப்பில் 80 சதவீதமே கிட்டும். அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால், ஒரு சுற்றுக் குறைந்த துள்ளலாகவே கொள்வர். இதை ஒரு தொழில்நுட்பக் குழு மெதுவாக ஓடும் படத்தில் மீண்டும் பார்த்து முடிவு செய்கிறது. பிறகு நடுவர்கள் துள்ளலின் தரத்துக்கு −5 முதல் +5 வரை இடுகின்றனர். ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் பத்திலொரு பங்கு.

முற்காலத்தில் 6.0 என்பதே உச்ச மதிப்பெண். 2002-இல் ஸால்ட் லேக் ஸிட்டி ஒலிம்பிக்கில் இணையர் போட்டித் தீர்ப்பு பெரும் சர்ச்சைக்கு உள்ளாகி, இரு இணையருக்குத் தங்கப் பதக்கம் தரப்பட்டது. அதன் விளைவாகவே, ஒவ்வொரு செயலையும் தனித்தனியே எண்ணும் இன்றைய முறை 2004-இல் ஏற்கப்பட்டது.

இக்கணக்கின் கடுமையை 2022-இல் பெய்ஜிங்கில் கண்டோம். 2014, 2018 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் வெற்றியாளரான ஜப்பானிய வீரர் யுஸுரு ஹான்யு, அதுவரை எவரும் நிறைவேற்றாத நான்கு சுற்று ஆக்ஸலுக்குத் துணிந்தார். அதன் அடிப்படை மதிப்பு 12.50. சுற்று குறைந்ததால் அது 10 ஆயிற்று. விழுந்ததால் தரத்தில் 5 போயிற்று. விழுந்ததற்கெனத் தனியே 1 கழிந்தது. எஞ்சியது 4. மூன்று சுற்று ஆக்ஸலைப் பிழையின்றிச் செய்திருந்தால் 8-க்குக் குறையாது. அவர் நான்காம் இடம் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் பதினேழு வயது இளைஞர் இலியா மாலினின் அத்துள்ளலை முழுமையாகச் செய்து காட்டினார்.

அடுத்த முறை இப்போட்டியைக் காணும்போது, சுழற்சிகளை எண்ணுவதை விடுத்து, எழுமுன் காலையும் இறங்கும் காலையும் மட்டும் நோக்குவோம். நிபுணரின் சொற்கள் அப்போது தாமாகவே விளங்கத் தொடங்கும்.