புளிப்புத் தண்டும் பழப்பாகும்

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுகையில் பெட்டியிலே காலிப் புட்டிகள் சிலவும் இடம்பெறுவது வழக்கம். திரும்பி வருகையில் அவற்றில் மாவடுவும் நார்த்தங்காயும் புளிக்காய்ச்சலும் நிரம்பியிருக்கும். என் மாமியார் தம் கையால் நிரப்பித் தந்த புட்டிகளைக் கொண்டே எங்கள் குடும்பம் டில்லியில் முப்பது ஆண்டுகளை ஓட்டியிருக்கிறது. அவருக்கு இப்போது வயது எண்பதைக் கடந்துவிட்டது. கையில் நடுக்கம் கண்டிருக்கிறது. சென்ற ஆண்டு நாங்கள் கொண்டுபோன புட்டிகள் காலியாகவே திரும்பின. இத்தனை காலமும் வாங்கிக்கொண்டே இருந்தோமே, இங்கிருந்து நம் கையால் செய்த பண்டம் ஒன்றையேனும் கொண்டுபோய்க் கொடுத்தோமா என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இவ்வாண்டு பங்குனியில் அதற்கு ஒரு வழி பிறந்தது. எங்கள் அடுத்த வீட்டு அம்மையார் இமாசல மலைப் பக்கத்தைச் சேர்ந்தவர். பிறந்தகம் சென்று திரும்பியவர், தம் தம்பியின் தோட்டத்தில் விளைந்ததென்று சொல்லி, செந்நிறமும் பசுமையும் கலந்த தண்டுகள் ஒரு கட்டுக் கொடுத்தார். பார்வைக்குக் கீரைத்தண்டு போலிருந்தது; நுனியைக் கடித்துப் பார்த்தால் புளியங்காயைப் போலப் பல் கூசிற்று. அதுவே ருபார்ப். நம் நாட்டு மருந்துக் கடைகளில் இரேவல்சின்னி என்று விற்கும் வேர், இதே இனத்துச் செடியினுடையது. தாவர நூலார் கண்ணுக்கு இது காயினம். ஆயினும் சமையலில் பழமாகவே வழங்குவதால், 1947ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுங்க நீதிமன்றம் ஒன்று இதனைப் பழமென்றே தீர்ப்பளித்தது.

அந்தச் சமயத்தில் சந்தையில் ஸ்ட்ராபெரி முடியுந் தறுவாயில் இருந்தது. தெருவோர மரங்களில் முசுக்கட்டைப் பழம் கறுத்துக்கொண்டிருந்தது. மூன்றையும் சேர்த்து ஜாம் காய்ச்சலாம் என்று அம்மையாரே யோசனை சொன்னார்.

எனக்குச் சிறிது அச்சம். முன்பு இருமுறை ஸ்ட்ராபெரி ஜாம் செய்து தோற்றவள் நான். முதன்முறை, உடம்புக்கு நல்லதென்று எண்ணிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன்; பத்தாம் நாள் புட்டியின் வாயில் வெண்பூஞ்சை பூத்தது. மறுமுறை, இறுகவில்லையே என்று மேலும் மேலும் காய்ச்சினேன். நிறம் கறுத்து, கரண்டி இறங்காத மிட்டாயாயிற்று.

பிழை எங்கே என்பது இம்முறை விளங்கிற்று. ஜாம் இறுகுவதற்கு மூன்று பொருள்கள் ஒன்றுகூட வேண்டும். பழத்தின் தசையிலுள்ள பெக்டின் என்னும் பசைச் சத்து ஒன்று, புளிப்பு ஒன்று, சர்க்கரை ஒன்று. சர்க்கரை நீரைத் தன்வசம் ஈர்த்துக்கொள்ளும்; புளிப்பு, பெக்டின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள இடம் தரும். முடிந்த ஜாமில் நூற்றுக்கு 65 பங்கு அளவு இனிப்பு முதலிய கரைபொருள்கள் இருந்தால், பூஞ்சைக்கு வேண்டிய நீர் எளிதில் கிட்டாது. நன்கு கனிந்த ஸ்ட்ராபெரியில் இனிப்பும் மணமும் உண்டே தவிர, புளிப்பும் பசையும் குறைவு. இனிப்பு மட்டும் எதையும் நிலைநிறுத்தாது என்பதை அடுப்பங்கரையிலே கற்றுக்கொண்டேன். ருபார்ப் அந்தப் புளிப்பைத் தருகிறது. பசைக்குப் பச்சை ஆப்பிள் துணை நிற்கிறது.

செய்முறையை விரும்பும் சகோதரிகளுக்காக அளவைத் தருகிறேன். ஸ்ட்ராபெரி 500 கிராம், முசுக்கட்டை 250 கிராம், ருபார்ப் தண்டு 250 கிராம், சர்க்கரை 750 கிராம், புளிப்பான பச்சை ஆப்பிள் ஒன்று, எலுமிச்சம் பழம் இரண்டு. ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ ஜாம் கிடைக்கும்.

தண்டை விரற்கடை அளவு துண்டுகளாக நறுக்குக. பழங்களைக் கழுவி, ஈரம் வடித்து, காம்பு நீக்கித் தண்டோடு சேர்த்துச் சர்க்கரையில் புரட்டி, ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். காலையில் பார்த்தால் சர்க்கரை பழத்தின் சாற்றை வெளியே இழுத்திருக்கும். தண்ணீரே சேர்க்க வேண்டுவதில்லை. ஆப்பிளைத் தோலோடு துருவிப் போடுக. அதன் நடுப்பகுதியையும் எலுமிச்சை விதைகளையும் மெல்லிய துணியில் முடிந்து உள்ளே இடுக. பசை அவற்றில்தான் மிகுதி. எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துவிடலாம்.

பாத்திரம் அகன்ற எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் இந்தப் புளிப்புக்கு ஆகா. முதலில் இளந்தீயில் சர்க்கரை முற்றும் கரைய வேண்டும். தண்டும் குழைய வேண்டும். பிறகு தீயை ஏற்றி, அடிபிடிக்காமல் கிளறிக் கொதிக்க விடுக. பொங்கும் நுரை அடங்கி, குமிழிகள் கனத்துத் தளதளவென்று வரும்போது பதம் நெருங்கிற்று என்று அறியலாம்.

வெப்பமானி உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: நீரின் கொதிநிலையைவிட ஏறத்தாழ 5 டிகிரி சென்டிகிரேட் மிகுதியானால் பதம். கடற்கரை ஊர்களில் அது 105 டிகிரி. சிம்லா போன்று 2,200 மீட்டர் உயரத்தில் வாழும் அன்பர்களோ 105 வரட்டும் என்று காத்திருக்கலாகாது. அங்கே நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிப்பதால் 97, 98லேயே பதம் வந்துவிடும். வெப்பமானி இல்லாதவர்கள், குளிரவைத்த தட்டில் ஒரு துளியை விட்டு, சற்று ஆறியபின் விரலால் தள்ளிப் பார்க்கலாம். மேலே சுருக்கம் விழுந்தால் உடனே இறக்கிவிடுக. அதிர்ச வெல்லப்பாகுக்குப் பதம் பார்த்துப் பழகிய கைக்கு இது புதிதன்று. அதற்குமேல் காய்ச்சினால் பசையே சிதைந்துபோகும்.

துணி முடிச்சை எடுத்துவிட்டு, கொதிநீரில் பத்து நிமிடம் கிடந்து உலர்ந்த கண்ணாடிப் புட்டிகளில் சூட்டோடு நிரப்பி மூட வேண்டும். திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து, ஈரமற்ற கரண்டியையே இடுக. சர்க்கரையைக் குறைத்துச் செய்ய விரும்புவோர், சிறிதளவே செய்து, முதலிலிருந்தே குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் உண்டு முடிப்பதே முறை.

ஓர் எச்சரிக்கை. ருபார்ப்பின் தண்டு மட்டுமே உணவு, இலை நஞ்சு. அதில் ஆக்சாலிக் அமிலம் முதலியவை மிகுதி. முதல் உலகப் போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாட்டினால் இங்கிலாந்தில் அவ்விலையைக் கீரையாக உண்டு நோயுற்றோரும் மாண்டோரும் உண்டு. தண்டிலும் அவ்வமிலம் ஓரளவு இருப்பதால், சிறுநீரகக் கல் உடையவர்கள் விலக்குவது நலம். தண்டு கிடைக்காத இடங்களில் புளிப்பு மாங்காயைத் துருவிச் சேர்க்கலாம். சுவை வேறாயினும் ஜாம் இறுகும்.

நான்கு புட்டிகள் நிரம்பின. ஒன்று தண்டு தந்த அம்மையாருக்குப் போயிற்று. அவர் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதல்லவா! இரண்டு, சித்திரை முடிவில் எங்களோடு கும்பகோணத்துக்கு ரயிலேறின.

மாமியார் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலால் தொட்டு நாவில் வைத்துக்கொண்டு சற்றுநேரம் பேசாதிருந்தார். “ஏம்மா, இது தித்திப்புத் தொக்குதானே? புளிப்பு நன்றாக நிற்கிறது. நீயா பதம் பார்த்தாய்?” என்றார். ஆம் என்றேன். அன்று மாலை தோசைக்கு அதையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாங்கள் புறப்படும் நாளில் அந்தப் புட்டிகளில் ஒன்று காலியாகியிருந்தது. அதைக் கழுவித் துடைத்து, கடையில் வாங்கிய சுண்டைக்காய் வற்றலைத் தம் நடுங்கும் கையாலேயே அதில் போட்டு மூடி என்னிடம் நீட்டினார். “காலியாகக் கொடுக்கக் கூடாது” என்றார்.

அடுத்த பங்குனிக்கு அந்தப் புட்டி காத்திருக்கிறது.