ஐந்து டாலருக்கு ஒரு பிக்காசோ

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஓபர்லின் ஒரு சிற்றூர். அங்குள்ள லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் செமஸ்டர் தொடங்கும்போது மாணவர்கள் கலைக்கூட முற்றத்தில் கூடாரம் அடித்து ராத்தங்குவார்கள். விடிந்ததும் வரிசைப்படி உள்ளே போய், ஐந்து டாலர் கட்டினால் பிக்காசோவையோ வார்ஹோலையோ விடுதி அறைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். லித்தோகிராஃப் போன்ற அச்சுப் படைப்புகளும் இதில் உண்டு. ஆனால் எல்லாமே அசல், போஸ்டர் அல்ல. செமஸ்டர் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

1940-இல் இதைத் தொடங்கியவர் எல்லன் ஜான்சன். அப்போது அவர் அங்கே கலை நூலகர். புத்தகத்தை இரவல் கொடுத்துப் பழகியவருக்குத்தான் இப்படியொரு யோசனை வரும்!

கல்லூரிக் கலைக்கூடத்தில் பாடம்தான் முதல் வேலை, காட்சி அப்புறம்தான். ஓபர்லினில் ஈவா ஹெஸ்ஸின் 'லாவோகூன்' சிற்பம் இருக்கிறது. புகைப்படத்தில் பார்த்தால் ஏதோ சாம்பல்நிறச் சாரம் மாதிரி தெரியும். பக்கத்தில் போனால்தான் அது ஆளை மீறிய உயரம் என்பது உறைக்கும். குழாய் வேலைக்கான பிளாஸ்டிக் பைப்புகளைச் சட்டமாகக் கட்டி, துணியும் காகிதக்கூழும் சுற்றியிருக்கிறார். கயிறுகள் நெளிந்து, சிக்கி, தொங்குகின்றன. கை எங்கே இறுக்கியது, எங்கே தளர்த்தியது என்பதை எந்த ஸ்லைடும் சொல்லித்தராது. ஹெஸ் இறந்த 1970-லேயே கல்லூரி இதை வாங்கிவிட்டது.

ஆனால் நிர்வாகத்தின் கண்ணுக்கு இத்தகைய படைப்பு வங்கி இருப்பாகவும் தெரியலாம். வர்ஜீனியாவில் இன்று ராண்டால்ஃப் என்று பெயர் மாறியிருக்கும் கல்லூரி ஒரு காலத்தில் பெண்கள் கல்லூரி. ஜார்ஜ் பெல்லோஸ் 1912-இல் வரைந்த துறைமுகக் கூலிகளின் ஓவியத்தை 1920-இல் மாணவிகளும் ஊர்க்காரர்களும் 2,500 டாலர் திரட்டி வாங்கினார்கள். 2007-இல் நிதி நெருக்கடி என்று சொல்லி, அதையும் வேறு மூன்று ஓவியங்களையும் போலீஸ் காவலோடு நிர்வாகம் வெளியேற்றியது. மாணவர்களும் பழைய மாணவிகளும் எதிர்த்தார்கள், வழக்கும் போட்டார்கள். கடைசியில் 2014-இல் லண்டன் நேஷனல் கேலரி 2.55 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. சந்தா போட்டு வாங்கியவர்களிடம் கேட்க வேண்டாமா என்றால், சட்டப்படி உரிமையாளர் கல்லூரிதான். நியாயப்படி யார் என்பதை எந்த ஆவணத்திலும் எழுதி வைக்கவில்லை. அமெரிக்க மியூசியம் இயக்குநர்கள் சங்கம் கல்லூரியைக் கண்டித்தது.

விற்பனையோடு ஒரு கல்வி ஒப்பந்தமும் போட்டார்கள். அதன்படி ராண்டால்ஃப் மாணவர்கள் பயிற்சிக்காக லண்டன் கேலரிக்குப் போகலாம்.