தாமோதரன் டாமோடிரன் ஆன கதை

மொழிமுதல் எழுத்துக்களைப் படிப்பிக்கத் தொடங்கினால் மாணவர் கொட்டாவி விடுவது வழக்கம். அவ்வேளையில் தொல்காப்பியத்தை மூடிவைத்துவிட்டுக் கரும்பலகையில் ஒரு பெயரை எழுதுவேன்: டாமோடிரன். உடனே சிரிப்பு எழும். ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டால் விழிப்பார்கள்.

பெயரைப் படைத்தவர் கரவெட்டி தந்த கேலிச்சித்திரக்காரர் சி. சிவஞானசுந்தரம் (1924–1996). 'சுந்தர்' என்றால்தான் பலருக்கும் தெரியும். 1963இல் அவர் தொடங்கிய 'சிரித்திரன்' சஞ்சிகையிலே, ஆங்கில நாகரிகத்தில் மயங்கிய டாமோடிரன் தம்பதியர் உலாவினார்கள்.

தகரத்தை ஒலிக்கையில் நமது நா பல்லைத் தொடும். டகரத்துக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். ஆங்கிலேயரின் நாவோ இரண்டுக்கும் நடுவே, பல்லின் முரசருகே நின்றுவிடும். ஆகவே தாமோதரன் அவர் வாயில் டாமோடிரனாவது இயல்பு, அதிலே குற்றமில்லை. தமிழன் ஒருவன் தன் பெயரைத் துரை உச்சரிப்பது போலத் தானே உச்சரிக்கும்போதுதான் சிரிப்பு வருகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டகரம் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய விதி. அந்நூலின் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவர் நம் சிறுப்பிட்டியார், சி. வை. தாமோதரம்பிள்ளை! அப்பெரியாரின் பெயரில் ஓரெழுத்தைத் திருகியதும், பெயர் சொந்த இலக்கணத்துக்கே அந்நியமாகிவிட்டது.

பிறர் பேச்சைக் கேலி செய்வது சித்திரக்கதைகளுக்குப் புதிதன்று. அமெரிக்கப் பத்திரிகையொன்றில் 1897இல் தொடங்கிய 'காட்சன்ஜாமர் கிட்ஸ்' தொடரில், ஜெர்மானியக் குடியேறிகளின் கொச்சை ஆங்கிலமே சிரிப்புக்குப் பொருள். வரைந்த ருடால்ஃப் டேர்க்சும் ஜெர்மனியிற் பிறந்தவரே. ஆயினும் பிறவிநாவின் தழும்பைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு உவப்பில்லை. சுந்தரின் சவாரித்தம்பர் நமது கிராமத்துத் தமிழையே பேசுவார். அங்கே அப்பேச்சு கேலிக்கு இலக்கன்று. கேலி செய்யும் கருவி. தம்பர் வாய் திறந்தால் போலி நாகரிகம் பதுங்க இடம் தேடும்.

வகுப்பில் நான் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் பெற்றுக் கொழும்பில் ஓராண்டு உத்தியோகம் பார்த்து ஊர் மீண்ட காலம். தகரத்தில் தொடங்கும் என் பெயரைத் தொலைபேசியில் டகரமாக்கி மொழிந்துகொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து ஆச்சி எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"ஆரடா தம்பி, வீட்டுக்கு வந்திருக்கிறது?"