வெளிப்பாடும் அருளும்: கிறித்தவ இறையறிவின் இரு சொற்கள்

கிறித்தவ இறையியலில் இறைவனை அறிதல் மனித முயற்சியின் முடிவன்று. இறைவனே தன்னை அறியத் தருவதன் பயன். இக்கருத்தைத் தாங்கி நிற்பவை வெளிப்பாடு, அருள் என்னும் இரு சொற்களாகும்.

'வெளிப்பாடு' எனப் பெயர்க்கப்படும் 'அப்போகாலிப்சிஸ்' என்னும் கிரேக்கச் சொல் திரைநீக்கத்தைக் குறிக்கும். திரையை நீக்குபவன் இறைவன், காண்பவன் மனிதன். படைப்பைக் கொண்டு படைத்தவனை ஓரளவு உய்த்துணரலாம் என்பதை உரோமையர் திருமுகம் (1:20) ஏற்கிறது. எனினும் அறிவின் வழி சிலருக்கே, நெடுங்காலத்திற்குப் பின், பல பிழைகளோடு கைகூடும் என்பது 13ஆம் நூற்றாண்டினரான தாமசு அக்குவினாரின் வாதம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கம், வெளிப்பாட்டை உண்மைகளின் தொகுப்பாக மட்டும் கொள்ளாது, இறைவன் தன்னையே வழங்கி மனிதரை உறவுக்கு அழைக்கும் செயலாகக் காட்டுகிறது. அவ்வழைப்பை ஏற்கும் நம்பிக்கைக்கும் அருளே முற்பட வேண்டும் என்கிறது.

'காரிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சீர்திருத்தச் சபை மரபில் 'கிருபை' நிலைபெற்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'அருள்' என்பதை ஆள்கிறது. இது சைவ சித்தாந்தச் செறிவுடைய சொல். அருளாலன்றி இறையறிவு இல்லை என்பதில் இரு சமயங்களும் ஒன்றுபடும். ஆயின் சித்தாந்தத்தில் அருள் இறைவனின் சத்தி. மலபரிபாகம் உற்ற உயிரில் பதிவது. கிறித்தவத்திலோ அது இயேசுவின் வாழ்வு, இறப்பு, உயிர்ப்பு ஆகிய வரலாற்று நிகழ்வோடு பிணைந்த கொடை. பக்குவத்தை எதிர்பாராது பாவிக்கே வழங்கப்படுவது. எனவே கிறித்தவத் தமிழ் நூல்களை ஆராய்வோர், சொல்லொற்றுமையைப் பொருளொற்றுமையாகக் கொள்ளாது, 'அருள்' வருமிடந்தோறும் அதன் சமயப் பின்புலத்தைத் தெளிதல் இன்றியமையாதது.