உங்களுக்குத் தெரியுமா? குழிக்குள் இறங்கும் மாத்திரை

★ லயத்து மலசலகூடக் குழியில் கழிவைக் கரைப்பவை பக்டீரியாக்கள்தான். காற்றே இல்லாமல் அவை கழிவைத் தின்று வாயுவாக்குகின்றன. மிச்சம் அடியில் சேறாகப் படிகிறது. நகரங்களில் கழிவுநீருக்குள் காற்றை ஊதி, வேறு வகை பக்டீரியாக்களை வளர்க்கிறார்கள். மான்செஸ்டரில் ஆர்டன், லொக்கெட் இருவரும் 1914இல் அறிவித்த முறை அது.

★ விழுங்கிய அன்டிபயோட்டிக் முழுவதும் உடம்பில் தங்காது. அமொக்சிசிலினில் பாதிக்கு மேல் சில மணி நேரத்திலேயே சிறுநீரோடு அப்படியே வெளியேறிவிடும். குழிக்குள் போன மருந்து, நோய் தரும் கிருமி எது, நமக்கு உழைக்கும் கிருமி எது என்று பார்ப்பதில்லை.

★ கழிவுநீரின் அமோனியாவை நைத்திரேற்றாக்கும் பக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்குப் பல மணி நேரம் வேண்டும். குளிரில் இன்னும் மந்தம். 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் மருந்தால் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் பெருக நாளெடுக்கும்.

★ அமொக்சிசிலின் தண்ணீரில் சீக்கிரம் சிதையும். சிப்ரோஃப்ளொக்சசின் அப்படியல்ல, சேற்றில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். குழிச் சேற்றை லீக்ஸ் பாத்திக்குப் போட்டால் மருந்தும் கூடவே போகும்.

★ ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்த ஒரு நிலையம் வெளியேற்றிய நீரில், லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளொக்சசின் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து எடுக்கும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இராது.

★ ஒரு வீட்டார் குடிக்கும் மருந்தால் குழி கெட்டுவிடாது. ஆபத்து வேறு. சிறிதளவு மருந்தோடு தினமும் வாழும் பக்டீரியாக்களில் அதைத் தாங்குபவையே பெருகும். தாங்கும் திறனுக்கான மரபணுவை அவை பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே மாத்திரை கேட்காமல் போகலாம்.

★ பசுவுக்கு மடிநோய் ஊசி போட்டால் அந்தப் பாலை நாம் குடிப்பதில்லை. அதைச் சாண வாயுத் தொட்டியிலும் ஊற்றக் கூடாது. வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும்.

★ காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் களனி கங்கைக்குப் போகிறது. கொழும்பு அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துக் குடிப்பது அந்தக் கங்கை நீரைத்தான். கொத்மலை ஓயாவோ மகாவலியில் சேருகிறது. மலையில் குழி ஒழுங்காக வேலை செய்வது கீழே உள்ளவர்களுக்கும் பாதுகாப்பு.

★ மிஞ்சிய மாத்திரையை மலசலகூடத்தில் போடாதீர்கள்; பக்கத்துக் காம்பராவுக்கும் கொடுக்காதீர்கள். டிஸ்பென்சரியில் கேட்டு ஒப்படையுங்கள். சளிக்காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் வேண்டுமென்று நீங்களாகக் கேட்காதீர்கள். அது வைரஸால் வருவது. அந்த மருந்து அதற்கு வேலை செய்யாது.